கூண்டு ஏற்றிய நாளின் படம்

வியாழக்கிழமை, காலை ஐந்தரை மணி. சேலம் புதிய பேருந்து நிலையத்தில், விருத்தாசலம் வழியாகக் கடலூர் செல்லும் பேருந்தில் ஏறினேன். கட்டணம் நூற்று அறுபத்தைந்து ரூபாய். தொலைவு ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். புரட்டாசி பிறந்து சில நாள்கள் ஆகியிருந்தன. ஆத்தூர் தாண்டும்வரை ஒரு தூறல் உடன்வந்தது. பிறகு வெயில்.

என் பையில் ஆறு பக்கக் கட்டுரை ஒன்று இருந்தது. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழியாக இருந்த சந்திரா, சென்னையில் வசிக்கும் ஒளிப்படக் கலைஞர். மலை, கடல், வானம் தவிர வேறெதையும் அவள் எடுப்பதில்லை. அதுவும் கறுப்பு வெள்ளையில். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சிதம்பரத்தில் அவளுடைய படங்களின் கண்காட்சி. அதற்கான சிறு கையேட்டுக்கு முன்னுரை எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருந்தாள். முப்பதாண்டுகள் தமிழ் கற்பித்தவள் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை.

எழுதத் தொடங்கியதுமே ஒரு சொல்லுக்காகத் தடுமாறினேன். மலையோ கடலோ நம்மை ஒரு பொருட்டாக மதிக்காமல் எதிரே நிற்கும்போது எழும் அச்சம், அந்த அச்சத்தின் அடியிலேயே ஊறும் இன்பம், இரண்டையும் சேர்த்துச் சொல்ல என்ன சொல்? பல நாள் தேடி, ‘பெருவியப்பு’ என்று வைத்துக்கொண்டேன். அதைத் தீட்டிய மேலைநாட்டு ஓவியர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பனிமலையையும் புயற்கடலையும் திரை முழுக்க வரைந்துவிட்டு, ஓரத்தில் ஒரு மனிதனை நகக்கண் அளவில் நிறுத்துவார்கள். பெரும்பாலும் அவன் நமக்கு முதுகு காட்டி நிற்பான். முகம் தெரிந்தால் நாம் மலையை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவோம் அல்லவா? ஒளிப்படக் கருவி வந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. பார்க்கிறவர் மட்டும் எப்போதும் பத்திரமான இடத்தில் இருக்க வேண்டும்; பயம் அப்போதுதான் இன்பமாகும். என் கட்டுரையின் சாரம் இவ்வளவே.

சந்திராவின் தலைசிறந்த படம் இந்த இலக்கணத்துக்கு அச்சுப் பிசகாமல் பொருந்தியது. சென்ற கார்த்திகையில், கடலூர்த் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றிய நாளில், முகத்துவாரத்துக் கருங்கல் தடுப்பின்மேல் நின்று அவள் எடுத்தது. முக்கால் பங்கு மேகம். அடியில் கறுத்த கடல். அதில் ஒரே ஒரு படகு, எள்ளளவு. அழைப்பிதழிலும் அந்தப் படம்தான். படகில் இருப்பவரின் சம்மதம் பெறாமல் அதை மாட்ட அவளுக்கு மனமில்லை. துறைமுகத்து ஐஸ் கடைக்காரர் ஒருவர் கைப்பேசியில் பார்த்ததுமே உரியவரின் பெயரைச் சொல்லிவிட்டாராம். அவரைத் தேடித்தான் இந்தப் பயணம்.

விருத்தாசலத்துக்கு அப்பால் மண் சிவந்தது. நெய்வேலியின் புகைபோக்கிகளைக் கடந்து வடலூரில் பேருந்து பத்து நிமிடம் நின்றது. முந்திரித் தோப்புகள் சாலையின் இருபுறமும் தாழ்ந்து படர்ந்திருந்தன. அருகில் அமர்ந்திருந்த அம்மாள், பண்ருட்டி மண்டியில் முந்திரி உடைக்கும் வேலை செய்பவர், தன் கறுத்த விரல்களைக் காட்டி, “இது மருதாணி மாதிரிதான். செவக்காது, அவ்ளோதான்” என்று சிரித்தார். எங்கே போகிறேன் என்று கேட்டார். கடல் படம் ஒன்றைப் பற்றி என்றேன். “கடலுக்கே போறீங்க, அப்புறம் படம் எதுக்கு?” என்றார். நியாயமான கேள்வியாகத் தோன்றியது.

பதினொன்றே கால் மணிக்குக் கடலூர். திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில், மூன்றடி நீளமுள்ள காகிதச் சுருளைக் குழந்தைபோல் மார்போடு அணைத்தபடி சந்திரா நின்றிருந்தாள். முதுநகர் தாண்டி ஒரு மீனவக் குப்பத்துக்கு ஆட்டோ பேசினோம். இருநூற்றைம்பது ரூபாய். குப்பத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. மனிதர்களின் பெயர்களையும் அவர்கள் விருப்பப்படி மாற்றியிருக்கிறேன்.

“சம்மதிக்கலேன்னா?” என்று ஆட்டோவில் கேட்டேன்.

“மாட்டமாட்டேன்,” என்றாள் சந்திரா. “ஆனா அது இல்லாம மத்த படமெல்லாம் சும்மா காலண்டர்டி.”

நண்பகலுக்குச் சற்று முன் படகுக்காரர் கலியமூர்த்தியின் வீட்டை அடைந்தோம். ஆழிப்பேரலைக்குப் பின் கட்டிக் கொடுக்கப்பட்ட வரிசை வீடுகளில் ஒன்று. வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். உள்ளேயிருந்து அவர் மனைவி அஞ்சலை வந்து, எங்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, “டீ போடவா, மோர் கரைக்கவா? அவருக்கு என்னா வேணும்னு கேளுங்க யக்கா” என்றார்.

‘அவர்’ மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தார். நான் குழம்பிப்போய் அவரைப் பார்த்தேன்.

“மோருன்னு சொல்லுங்க,” என்றார் கலியமூர்த்தி, வலையிலிருந்து தலை தூக்காமல். “பத்து மாசமா எங்க வீட்டுல இப்படித்தான். நேரடி ஒலிபரப்பு நின்னுபோச்சு. ஆளு யாரும் வரலேன்னா செவுத்துக்குச் சொல்லுவா. நான் செவுத்துகிட்டேருந்து கேட்டுக்குவேன்.”

“செவுராவது சொன்ன சொல்லு மாறாம நிக்குது,” என்றார் அஞ்சலை என்னிடம்.

காரணத்தையும் அவரே மோர் கரைத்தபடி சொன்னார். அஞ்சலையின் தம்பி, பல ஆண்டுகளுக்கு முன் கூண்டு ஏற்றிய ஒரு நாளில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அதன் பிறகு, கூண்டு ஏற்றினால் கடலில் கால் வைக்கமாட்டேன் என்று மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவர் கலியமூர்த்தி. சென்ற கார்த்திகையில் அதை மீறினார். அன்று கடலுக்குப் போகக்கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடும்கூட. கரையேறியதும் ஊர் கூடி விசாரித்தது. வலையை எடுக்கப் போனேன் என்று ஒப்புக்கொண்டார். அவருடைய போட்டை ஒரு மாதம் கரையில் ஏற்றி வைத்தார்கள். அந்த மாதம் அவர்கள் வீட்டு நல்லது கெட்டதில் யாரும் கலந்துகொள்ளவில்லை. ஊர் ஒரு மாதத்தில் மறந்துவிட்டது. அஞ்சலை மறக்கவில்லை.

“ஒரு வலைக்காவ,” என்றார் என்னிடம். “நைலான் வலைக்காவ, யக்கா. எந் தம்பிய நெனச்சிருந்தா போவ மனசு வருமா?”

கலியமூர்த்தியின் ஊசி அதே வேகத்தில் கண்ணிகளுக்குள் போய்வந்தது.

சந்திரா என்னைப் பார்த்தாள். அவள் அணைத்திருந்த சுருள் அந்த நாளின் படம் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நொடியில் உறைத்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் வந்த காரணத்தை அவள் வாசலிலேயே சொல்லியிருந்தாள். அஞ்சலை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, “காட்டுங்க” என்றார்.

உள்ளே போய்த் தரையில் பாயை விரித்து, அதன்மேல் படத்தை விரித்தோம். நான்கு மூலைகளுக்கும் நான்கு மோர்த் தம்ளர்கள். மேகம் அந்தச் சின்ன அறையை நிறைத்தது. அழகான படம், அந்த வீட்டில் வைத்துப் பார்க்கும்போதும் அதை மறுக்க முடியவில்லை. எள்ளளவு படகைச் சந்திரா தொட்டுக்காட்ட வேண்டியிருக்கவில்லை. அஞ்சலையின் கண் மேகத்தில் ஒரு கணமும் தங்காமல் நேராக அங்கே போனது. குனிந்தார். நெடுநேரம் பார்த்தார்.

“இது போற போட்டு இல்ல, வர்ற போட்டு,” என்றார்.

நான் திடுக்கிட்டேன். புயலை நோக்கித் தன்னந்தனியே செல்லும் மனிதன் என்று என் கட்டுரை இரண்டு இடங்களில் சொல்கிறது.

“அணியம் ஏன் இவ்ளோ தூக்கிகிட்டு நிக்குது?” என்று அஞ்சலை தொடர்ந்தார். அணியம் என்பது படகின் முன்பக்கம். “வெறும் போட்டு இப்படி வராது. பின்னாடி எதையோ கட்டி இழுக்குது. என்னாத்த இழுத்தாருன்னு கேளுங்க யக்கா.”

“மீனு ஜாஸ்தி,” என்றார் கலியமூர்த்தி வாசலிலிருந்து.

“அன்னிக்கு ஒரு கூடை மீனுகூட எறங்கல. அதையும் சொல்லுங்க.”

அப்போதுதான் சந்திரா பேசினாள். அவள் குரல் மாறியிருந்தது. “அங்க ஒரு புள்ளி இருந்துச்சு. போட்டுக்குப் பின்னாடி, கொஞ்ச தூரத்துல. கடற்கரையில லென்ஸ் மாத்தினா உள்ள தூசி விழும். தூசின்னு நினைச்சு கம்ப்யூட்டர்ல எடுத்துட்டேன்.” சற்று நிறுத்தி, “ஒரு போட்டுதான் இருந்தா நல்லா இருக்கும்னும் தோணிச்சு” என்றாள்.

“புள்ளிய எடுக்காத படம் இருக்குதா?” என்றார் அஞ்சலை.

சந்திரா மடிக்கணினியைத் திறக்கையில் கலியமூர்த்தி எழுந்து உள்ளே வந்துவிட்டார். “மேடம், அத மூடுங்க. இருக்கிற படமே போதும். தாராளமா மாட்டிக்குங்க. கையெழுத்து வேணும்னாலும் போடுறேன்.”

அவள் கை நின்றது. திரையில் படம் அதற்குள் வந்திருந்தது. பெரிதாக்கவே தேவைப்படவில்லை. அலைக்கு மேல் பாதி தெரிந்த அந்தப் புள்ளியை அஞ்சலை பார்த்த மாத்திரத்தில், பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“எங்க அண்ணன் போட்டு,” என்றார்.

வெளியே மீன் ஏலத்துக்கு மிதிவண்டியில் போகும் யாரோ மணியடித்துப் போனார்கள்.

கலியமூர்த்தி தயங்கித் தயங்கித்தான் சொன்னார். “மச்சான் மொத நாளு போட்ட வலைய எடுக்கப் போயிட்டாரு. இன்ஜின் நின்னுபோச்சு. எனக்குப் போன் அடிச்சாரு. போனேன். முகத்துவாரத்துல கயித்த அவுத்துவுட்டேன். அவரு துடுப்பு வலிச்சு, யாரு கண்ணுலயும் படாம உப்பனாத்துப் பக்கம் ஒதுங்கிட்டாரு. நான் நேரா கரைக்கு வந்தேன். அவ்ளோதான்.”

அஞ்சலை முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தார். எங்களையல்ல, சுவரையல்ல.

“ஊர்ல நிக்கவச்சுக் கேட்டப்ப ஏன் மாமா சொல்லல?”

அந்த ‘மாமா’வைக் கேட்டதும் கலியமூர்த்தி கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார். அஞ்சலை அவருடைய அத்தை மகள் என்பதும், சிறுவயது முதல் அவரை அப்படித்தான் அழைப்பார் என்பதும் பிற்பாடு தெரிந்தது.

“எப்படிச் சொல்றது? அவரு பொண்ணுக்குத் தையில கல்யாணம் வச்சாச்சு. ஊரு ஒதுக்கிடுச்சுன்னா பந்தல்ல மேளக்காரன் மட்டும்தான் இருப்பான். நாமதான் மாட்டிகிட்டோம், ஒருத்தரோட போவட்டும்னு வுட்டுட்டேன்.”

“எங்கிட்ட?”

“உங்கிட்ட சொன்னா, நீ நேரா போயி அண்ணன் வீட்டு வாசல்ல நிப்ப. அந்தச் சத்தம் சிதம்பரம் வரைக்கும் கேக்கும்.”

“கேக்கட்டுமே.”

“கல்யாணம் முடிஞ்சப்புறம் சொல்லலாம்னு பாத்தேன். அதுக்குள்ள நீ செவுத்தோட நல்லா பழகிட்ட.”

அஞ்சலை ஒரு தம்ளரை மெதுவாக எடுக்க, படத்தின் அந்த மூலை சுருண்டுகொண்டது. “தம்பி போனப்ப ஒருத்தரும் போவல,” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். “கூண்டு ஏத்திட்டாங்கன்னு எல்லாம் கரையிலயே நின்னாங்க. அண்ணனுக்காவது நீ போயிருக்க.” பிறகு எழுந்து, “சோறு ஆறுது. கை கழுவிட்டு வா” என்றார். எங்களையும் உட்காரச் சொன்னார். மத்திமீன் குழம்பு. சந்திரா சைவம், அவளுக்கு ஊறுகாயும் மோரும். நான்கு பேரும் சேர்ந்தே உண்டோம். அஞ்சலை கணவரைத் திட்டிக்கொண்டே பரிமாறினார். அவர் ஒவ்வொரு திட்டுக்கும் தலையாட்டி, இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கொண்டார்.

விடைபெறும்போது சந்திரா கேட்டாள்: “எந்தப் படத்த மாட்டட்டும்?”

“ஒத்தப் போட்டு,” என்றார் கலியமூர்த்தி.

“ரெண்டு போட்டும் இருக்குறத,” என்றார் அஞ்சலை. “ஆனா இப்பவே முடிவு பண்ண வேணாம். அண்ணன்கிட்ட நான் பேசுறேன்.”

மாலை நான்கு மணிக்குச் சிதம்பரம் பேருந்தில் அமர்ந்தோம். நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஆளுக்கு நாற்பது ரூபாய். ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டைப் பிரிவு என்று ஊர்கள் பின்னோக்கிச் சென்றன. புவனகிரிப் பாலத்தில் சந்திரா, “ரெண்டு போட்டு இருந்தா படம் உடைஞ்சிடும்டி. கண்ணு தனியா நிக்காது, ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குப் போகும்” என்றாள். கலைஞராக அவள் சொன்னது சரி. அவள் கவலையை நான் சிறிதாக எண்ணவில்லை. அந்த மேகத்துக்காக அவள் ஐந்து மழைக்காலம் அங்கே காத்திருந்தவள்.

வெள்ளி காலை ஆறு மணிக்கு நடராசர் கோயிலுக்குப் போனேன். உள்ளே படமெடுக்க அனுமதியில்லை, நல்லதுதான். சிற்சபையில் திரையை விலக்கினார்கள். வெற்றிடம், அதன்மேல் தொங்கும் பொன் வில்வமாலை. வானத்தை வழிபட விரும்பியவர்கள் இங்கே ஒரு சின்ன இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். அளவு காட்ட ஓரத்தில் ஒரு குட்டி மனிதனை நிறுத்தவில்லை. பின்னாலிருந்து யாரோ என்னைத் தள்ளினார்கள், நான் முன்னால் நின்ற பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டேன், அவர் திரும்பி, “பாத்துட்டீங்களா? கொஞ்சம் நகந்தா இவங்களும் பாப்பாங்க” என்றார். விடுதிக்குத் திரும்பி என் ஆறு பக்கங்களையும் முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன்.

பிற்பகலில் சந்திராவை அஞ்சலை கைப்பேசியில் அழைத்தார். அண்ணன் முந்தைய இரவே ஊர்க்கூட்டத்தில் தானாக எழுந்து நடந்ததைச் சொல்லிவிட்டாராம். ஊர் அவருடைய போட்டையும் ஒரு மாதம் கரையேற்றிவிட்டது. “பரவால்ல யக்கா, மழ மாசம்தானே வருது,” என்று ஒலிபெருக்கியில் அஞ்சலை குரல் கேட்டது. “அவருக்குத் தூக்கம் வருதாம் இப்பத்தான். நீங்க ரெண்டு போட்டையும் போடுங்க. படத்துக்குக் கீழ கூண்டு, தேதி, ஊரு பேரு மட்டும் எழுத வேணாம்.”

சந்திரா கைப்பேசியை வைத்துவிட்டு, நீக்கிய புள்ளியைப் படத்தில் திரும்பச் சேர்த்தாள். பிறகு புதுச்சேரி அச்சகத்துக்குப் புதிய கோப்பை அனுப்பினாள். அச்சிட்ட படம் சனி காலைப் பேருந்தில் பார்சலாக வந்து சேர்ந்தது.

கண்காட்சி கீழவீதியில், நண்பர் ஒருவரின் பழைய வீட்டுக் கூடத்தில் நடந்தது. கல்லூரி மாணவர்கள், கோயிலுக்கு வந்தவர்கள், வெயிலுக்கு ஒதுங்கியவர்கள். இரண்டு படகுகள் இருந்தும் படம் உடையவில்லை என்றே எனக்குப் பட்டது. ஆனால் சந்திரா சொன்னபடி கண் தனியே நிற்கவில்லை. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய், இடையிலிருந்த தண்ணீரின் தூரத்தை அளந்தது. எனக்கு அச்சம் கூடத்தான் செய்தது.

ஞாயிறு முற்பகலில் கலியமூர்த்தியும் அஞ்சலையும் வந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை, அவர் மனைவி பட்டு. அவர்கள் படத்துக்கு முன் நிற்கும்போதே மாணவன் ஒருவன் சந்திராவிடம் பணிவாக, “மேடம், இந்தப் பிரிண்ட்ல ஒரு தூசி இருக்குது” என்று அந்தப் புள்ளியைக் காட்டினான்.

“தூசி இல்லப்பா,” என்றாள் சந்திரா. “அவரோட மச்சான்.”

மாணவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கலியமூர்த்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

மூன்று மணிக்கு அவர்களுடன் பேருந்து நிலையம்வரை நடந்தேன். எனக்கும் சேலம் திரும்ப வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் மலை நாற்புறமும் இருக்கிறது. மொட்டைமாடியில் நாற்காலி போட்டு அதைப் பார்ப்போம். அதிலிருந்து யாராவது திரும்பி வரவேண்டும் என்று காத்திருந்த அனுபவம் எனக்கு இல்லை. கடலூர் வண்டி புறப்படத் தயாராக நின்றது. அஞ்சலை சன்னலோரம் இடம்பிடித்தார். கலியமூர்த்தி பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கீழே நின்றேன்.

“அந்தம்மா கடல நல்லாத்தான் எடுத்திருக்காங்க,” என்றார் அஞ்சலை சன்னல் வழியே. “ஆனா அன்னிக்குக் கடல் இவ்ளோ அழகா இல்ல யக்கா. கரையில நின்னு பாத்தவ நான். பேய் மாதிரி இருந்துச்சு.”

கலியமூர்த்தி எங்கோ பார்த்தபடி, “அழகாத்தான் இருந்துச்சு” என்றார்.

அஞ்சலை திரும்பினார்.

“நடுக்கடல்ல, மச்சான் போட்டுல கயிறு மாட்டுறப்ப நிமிந்து பாத்தேன். உயிருக்குப் பயந்துகிட்டுதான் பாத்தேன். ஆனா அப்படி ஒரு வானத்த நான் பாத்ததே இல்ல. சொன்னா நீ திட்டுவ.”

நடத்துநர் விசில் ஊதினார். வண்டி நகரத் தொடங்கியது.

“திட்டமாட்டேன்,” என்று அஞ்சலை சொல்வது கேட்டது. “சொல்லு. எப்படி இருந்துச்சு?”

கலியமூர்த்தி என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. பேருந்து திரும்பும்வரை, சன்னலுக்குள் அவருடைய இரண்டு கைகளும் உயர்ந்து விரிந்து ஏதோ ஒன்றின் அகலத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. அஞ்சலை அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.